யார் வீட்டு ஈ

செப்டம்பர் 5, 2024, வியாழன்

புது ஷெட்டில் கோழி ஏற்றியாகிவிட்டது. ஐயாயிரம். அடுத்த மாதம் முட்டைக்கு வந்துவிடும். சத்தீஸ்கரில் போர்வெல் ரிக் வண்டியோடு இருக்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஊருக்குள்ள பெருமை பேசாத" என்றார். ஏன் பேசக் கூடாது? பத்து வருஷமாக முட்டை பொறுக்கியது என் கை. பால் சொசைட்டியில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 11, புதன்

சொசைட்டியில் நான் போனதும் பேச்சு நின்றது. 'புருசன் வடக்க கெடந்து சாகறான், பேரு இவளுக்கு' என்பது இந்த வாரக் கதை. பேசட்டும்.

செப்டம்பர் 24, செவ்வாய்

என் பண்ணையால் ஊரெல்லாம் ஈ என்று நேற்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார்கள். பதினேழு கையெழுத்து. உண்மை என்று முடிவானால் புது ஷெட்டைப் பூட்ட வேண்டும். பக்கத்துக் காட்டு பாப்பாயி அக்கா வந்து சொன்னார்:

"உங்க சரிதா ஊட்டுல உக்காந்துதான் எழுதுனாங்க அம்மிணி. எங்கிட்டயும் கையெழுத்து கேட்டாங்க, நான் வெக்கல."

சரிதா, என் கொழுந்தன் பெண்டாட்டி. நேரே போய்க் கேட்டேன். "சத்தியமா நான் போடலீங்கக்கா" என்று சாதித்தாள். பொய். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூடக் கிடந்தவள் நான் — ஏண்டி இப்படிப் பண்ணுன? உனக்கு நான் என்னடி கெடுதல் செஞ்சேன்?

அக்டோபர் 3, வியாழன்

ஈ இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கிருந்து வருகிறது? என் ஷெட்டுக்கு அடியில் எரு காய்ந்து பொடியாகக் கிடக்கிறது. இன்று காலை ஈ மொய்க்கும் பக்கமாகவே நடந்து பார்த்தேன். அந்தத் தடம் ஊருக்குள் விவசாயம் பார்க்கும் தமிழரசுவின் காட்டில் போய் நின்றது. என்னிடம் சும்மா வாங்கிப்போன மூன்று டிராக்டர் கோழி எருவை மூடாமல் வரப்போரம் குவித்து வைத்திருக்கிறார். போன வார மழையில் ஊறி, குச்சியால் கிளறினால் புழு நெளிகிறது.

மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

அக்டோபர் 8, செவ்வாய்

மனுவை விசாரிக்க கலெக்டர் ஆபீசிலிருந்து அதிகாரி வந்தார். இரண்டு ஷெட்டையும் குனிந்து பார்த்தார். பிறகு நானே அவரை அந்த வரப்புக்குக் கூட்டிப்போனேன். மனுக்காரர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"இது அவிங்க ஊட்டு எருவுங்க" என்றார் தமிழரசு.

"கொட்டி வெச்சது யாருங்க?" என்று கேட்டேன்.

ஷெட்டைப் பூட்ட வேண்டியதில்லை என்று அதிகாரி சொல்லிவிட்டார். சாயங்காலம் சொசைட்டி வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன்: "இனிமே எருவுக்கு வாரவங்க தார்ப்பாயோட வாங்க. மூடி வெக்காதவங்களுக்கு ஒரு கூடை கெடையாது."

நன்றாகத் தூங்குவேன்.

மார்ச் 10, 2025, திங்கள்

சரிதாவும் ஷெட் போட்டுவிட்டாள். புது மாதிரிக் கூண்டு, தீவனம் தானாகவே ஓடுகிறது. நான் இன்னும் கூடையில் சுமக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

சரிதா வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மேனேஜருகிட்டச் சிரிச்சுப் பேசித்தான் எனக்கு லோன் கெடச்சுதுன்னு ஊரே பேசுது. மொதல்ல சொன்னது நீங்கதானுங்களாமா?"

சொன்னேன். போன வாரம், பால் ஊற்றும்போது. விளையாட்டுக்குத்தான் — விளையாட்டுக்கா? இல்லை. அந்தக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தபோது நன்றாகவும் இருந்தது.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் கண் கலங்கியது. "அந்த மனுவுல நானும் போட்டேனுங்கக்கா" என்றாள். உள்ளே வரச் சொன்னேன். வராமல் போய்விட்டாள்.

நாளைக் காலை பால் ஊற்றுகிற நேரத்துக்கே சொசைட்டிக்குப் போகிறேன். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, நான் சொன்னது பொய், பொறாமையில் சொன்னேன் என்று சொல்லப்போகிறேன். தமிழரசு சிரிப்பார். சிரிக்கட்டும்.