கைதட்டு வாங்கிய பேச்சு

சனி, அக்டோபர் 11

காலையிலிருந்து தூறல். செய்ய வேண்டியவை: சட்டை அயர்ன், குளியலறை பல்ப், பேச்சுக் குறிப்பு.

பின்னேரம் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விவாத அரங்கு. தலைப்பு: பொதுமக்கள் கைத்துப்பாக்கியோடு வெளியில் நடமாட அனுமதிக்கலாமா? அமெரிக்காக்காரரின் சண்டை. நமக்கு ஏனோ. சீட்டில் எனக்கு விழுந்தது 'அனுமதிக்கலாம்' கட்சி. துவக்குச் சூட்டுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவன் நான். மனைவி சுமதியிடம் சொன்னேன். "பேச்சுத்தானேயப்பா. வெல்லப் பாருங்கோ."

ஞாயிறு, அக்டோபர் 12

வென்றோம். நித்திரை இல்லை.

எதிர்க்கட்சியில் பேசிய டீச்சர் சபையை அள்ளிவிட்டார். தோற்கப்போகிறோம் என்று பட்டது. குறிப்பில் இல்லாததை எடுத்தேன். டெக்சாஸில் பெட்ரோல் நிலையம் நடத்திய நம் ஆள், இரண்டு பிள்ளைகள், கொள்ளைக்காரன் முன்னால் வெறுங்கையோடு நின்று செத்தவர். "அந்தக் கையில் ஒரு பிஸ்டல் இருந்திருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு அப்பா இருந்திருப்பார்!" பெயர் சொல்லவில்லை. ரவி அண்ணை என்று தெரியாதவர் அந்த மண்டபத்தில் யார்?

கைதட்டு. அது அடங்கும்வரை நிறுத்தி நின்றேன். ருசித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

அப்போதுதான் கண்டது. மூன்றாம் வரிசையில் மாலதி அக்கா, ரவி அண்ணையின் மனைவி. அவர் செத்த பிறகு டெக்சாஸிலிருந்து வந்து, இங்கே நோர்பரியில் தம்பி வீட்டோடு இருப்பவர். கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினார். நான் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் பேசினேன்.

அக்கா எந்த விழாவுக்கும் வருவதில்லை. வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் சொன்னது. ஆக, பிழை என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய், அக்டோபர் 14

வேலை முடிந்து நேரே நோர்பரி. கதவைத் திறந்தது அக்காதான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது."

"உள்ளுக்கு வாங்கோ. நனையிறியள்."

தேத்தண்ணி தந்தார். எதிரே இருந்தார்.

"தம்பி, அவரிட்ட இருந்தது."

விளங்கவில்லை எனக்கு.

"பிஸ்டல். இடுப்பில கொண்டு திரிஞ்சவர். வந்தவன் காசை எடுத்திட்டுப் போகத்தான் வந்தவன். இவர் இடுப்பில கை வைச்சார். அவன் பயத்தில சுட்டிட்டான். கேமராவில பதிஞ்சதைப் பொலிஸ்காரர் எனக்குக் காட்டினவை."

தேத்தண்ணி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கச் சொன்னதே நான்தான். தனிய நிக்கிறியள், ஒண்டு வாங்கி வையுங்கோ எண்டு நச்சரிச்சனான். பிள்ளையளுக்குத் தெரியாது. நீங்களும் ஒருத்தரிட்டயும் சொல்லாதேங்கோ."

"சொல்லமாட்டன் அக்கா."

வாசல்வரை வந்து, "கவனமாப் போங்கோ" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதன், அக்டோபர் 15

மழை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சங்கச் செயலாளருக்கு போன். சங்கத்தின் பக்கத்தில் போட்ட என் பேச்சு வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன் அண்ணை? எல்லாரும் பகிருகினம். உங்கட பேச்சுத்தான் திறம்!"

என்ன காரணம் சொல்ல? பொய் பேசினேன் என்றால், எது பொய் என்று கேட்பார். குரல் அடைத்திருந்தது, கேட்க நன்றாக இல்லை என்றேன். சிரித்தார். எடுக்கமாட்டார்.

சுமதியிடமும் சொல்லவில்லை. அக்கா வீட்டுக்குப் போனதை மட்டும் சொன்னேன். "மன்னிச்சிட்டாவோ?" ஓம் என்றேன். மன்னிப்பைப் பற்றி அங்கே பேச்சே வரவில்லை.

சனி, அக்டோபர் 18

நல்ல வெயில். சுமதியோடு ஈஸ்ட் ஹாம் கடைத்தெரு. மீன், கறிவேப்பிலை, சுமதிக்குச் சேலை ப்ளவுஸ் தைக்கக் கொடுத்தது.

மீன்கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர். "நீங்கள்தானே அந்த வீடியோவில கதைச்சவர்? பாவம் அந்த மனிசன், வெறுங்கையோட நிண்டிருக்கிறார். கையில ஒண்டு இருந்திருந்தால் தப்பியிருப்பார், என்ன?"

சுமதி பெருமையாக என்னைப் பார்த்தாள். வரிசையில் நாலைந்து பேர் திரும்பினார்கள்.

"ஓம்" என்றேன்.

கை கொடுத்தார். நானும் கொடுத்தேன்.