பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

2024 செப்டெம்பர் 24

தேயிலை ஃபெக்டரி ஒபிஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை ஒருவழியாகக் கேட்டு வாங்கிவிட்டேன். ப்ளொப்பி போடுகிற காலத்துச் சாமான். நானும் கூடப் படிப்பிக்கிற கிருஷாந்தியும் த்ரீவீலில் மடியில் வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுவந்தோம். மணிச்சட்டம், துளையட்டை, கோயில் அம்ப்ளிஃபயரில் கழற்றிய வால்வு, டிரான்சிஸ்டர், கடைசியில் இது. கம்ப்யூட்டர் வளர்ந்த கதை முழுதாக வந்துவிடும். ஹட்டன் கண்காட்சியில் தெரிவானால் கல்வி வலயத்து ஆலோசகர் வேலை கிடைக்கலாம். எத்தனை வருஷத்து ஆசை.

ஒக்டோபர் 3

பேச்சு எழுதி முடித்தேன். "முதல் கம்ப்யூட்டரை வைக்க எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை வீடுகளையே காலி பண்ண வேண்டும்" என்று ஒரு வரி. கிருஷாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரே போர்டிங் அறை, ஒரே சோற்றுப் பார்சல். கூடப் பிறந்தவள்கூட இவ்வளவு ஒட்டமாட்டாள்.

ஒக்டோபர் 11

ஸ்கூலில் சரஸ்வதி பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம் பூசி நான்தான் குங்குமம் வைத்தேன். பேச்சு இருக்கிற பென்ட்ரைவையும் அம்மன் காலடியில் வைத்தேன். நாளைக் காலைப் பூஜை முடியும்வரை தொடக்கூடாது. மண்டபச் சாவி கிருஷாந்தியிடம். றொசல்லைக்கு, வீட்டுக்குப் போகிறேன் என்றாள்.

ஒக்டோபர் 12

விஜயதசமி. காலையில் போனால் மேசை காலி. விடியமுன்னமே கிருஷாந்தி டீச்சர் ஏற்றிக்கொண்டு போனதாக வாச்சர் சொன்னார். அவள் போன் ஓஃப். முந்திப்போய் அடுக்கிவைக்கிறாளாக்கும் — வேறென்ன?

ஒக்டோபர் 14

ஹட்டன் கண்காட்சி. பலகையில் அவள் பெயர் மட்டும்.

நான் பிள்ளைகளோடு கூட்டத்தில் நின்றேன். லயத்து வரியை அவள் சொன்னாள், நடுவர்கள் சிரித்தார்கள். நான் நிறுத்துகிற அதே இடத்தில் நிறுத்தினாள். கம்ப்யூட்டரில் என் குங்குமம் அப்படியே இருந்தது.

வெளியே வைத்துக் கேட்டேன். "ஒரு ஆளு பேருதான் போடலாம்னு சொன்னாங்கக்கா. நீங்க கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

கோவமா? வயிறு எரியுதுடி. சாமிகிட்ட வச்சத எடுத்துட்டுப் போயிருக்கியே. என்கிட்ட கேட்டிருந்தா — குடுத்திருப்பேனா? தெரியல. கேட்டிருக்கலாம்ல?

ஒக்டோபர் 15

அறையில் அவள் பெட்டி இல்லை.

2025 பெப்ரவரி 6

ஆலோசகர் வேலை அவளுக்குத்தான். ஸ்டாஃப் ரூமில் கேக் வெட்டினார்கள். நானும் தின்றேன்.

ஒக்டோபர் 1

சரஸ்வதி பூஜைக்கு விருந்தாளியாக கிருஷாந்தி வந்திருந்தாள். "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கையைப் பிடித்தாள். "இருக்கேன், மெடம்" என்றேன். கையை விட்டுவிட்டாள்.

பிள்ளைகள் புத்தகம், பேனா, மணிச்சட்டம் எல்லாம் வைத்தார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன். புதிதாக வாங்கிய என் பென்ட்ரைவ் கைப்பைக்குள்ளேயே இருந்தது.