காளியம்மாள் ஏ/எல்

கிள்ளானில் ஒரு பேரங்காடி வாசலில் மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ரைஸ் குக்கர், பக்கத்தில் பரிசுக் குலுக்கல் படிவங்கள், ராஃபியா கயிற்றில் கட்டிய ஒரு பேனா. நேற்று மத்தியானம் அங்கே நீண்ட வரிசை. பெயர், ஐசி எனும் அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, வேலை செய்யும் இடம், மாத வருமானம், பிள்ளைகள் எத்தனை. ஒரு ரைஸ் குக்கருக்கு இத்தனையும் கேட்கிறார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா தன் தங்கையின் ஐசி எண்ணையும் மனப்பாடமாக இன்னொரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஆன்டி, சம்பளம் எவ்வளவுன்னு எதுக்கு கேக்குறாங்க?" என்றேன்.

"பரிசு விழுந்தா கூப்பிடணும்லமா."

"கூப்பிட போன் நம்பர் போதுமே."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு வேணாம்னா தள்ளி நில்லு லா. பின்னால ஆளுங்க நிக்குது."

தள்ளி நின்றேன். நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "அறிவுரை சொல்ல நல்ல ஆளு வந்துட்டா பாரு, இவ செஞ்சத விடவா அந்த ஆன்டி செஞ்சுட்டாங்க" என்று சொல்லிக் காட்டியிருப்பாய். சொல்லியிருக்கலாம். உனக்கு அந்த உரிமை இருந்தது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஐந்து நாள் டெங்கிக் காய்ச்சல், ஆறாம் நாள் நீ இல்லை. உன் தெருவில் அடைத்துக் கிடந்த சாக்கடையைப் பற்றி நாம் இரண்டு முறை மனு எழுதிப் போட்டிருந்தோம். பதில் வரவில்லை, கொசு வந்தது. இதை ஆறுதலாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நாம் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு உன் வழி வேறு, என் வழி வேறு. உன் அப்பா ரயில்வேயில் கணக்கர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. நீ கணினி படித்து ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்தாய். நான் கிள்ளான் பக்கம் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் நின்றேன். உட்காருவதற்கும் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் உனக்கு அடிக்கடி நினைவூட்டினேன். நீ மறந்துபோய் 'ஆமா'வுக்குப் பதில் உங்கள் வீட்டு 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம், "எந்தக் கோயில்லடி பூசை?" என்று கேலி செய்தேன். நீ கோபப்படுவாய். பிறகு உன் அலுவலகம் தூக்கிப்போட்ட ஒரு பழைய கணினியை, டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, முடிதிருத்தும் கடைக்கு மேலே சங்க வேலைக்காக நாம் வாடகைக்கு எடுத்த சின்ன அறையில் இறக்கி வைப்பாய். கோபமும் உதவியும் உனக்கு ஒரே நேரத்தில் வரும்.

அந்தக் கணினியில்தான் பட்டியலை ஏற்றினேன். எங்கள் தொழிற்சாலையில் சங்கம் அமைக்கச் சம்மதித்த பெண்களின் பெயர்கள் அதில் இருந்தன. குளோரின் நெடியில் மயங்கி விழுந்தவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாதவர்கள், கழிவறைக்குப் போக அட்டை வாங்க வேண்டியிருந்தவர்கள். எல்லோரும் பயந்துகொண்டேதான் பெயர் கொடுத்தார்கள். என்னோடு வேலை செய்த பார்வதி அக்கா அந்தப் பெயர்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். நான் அதைப் பார்த்து ஆங்கில எழுத்தில், அடையாள அட்டையில் இருப்பதுபோல் தட்டச்சு செய்தேன். பெயர் வெளியே போனால் வேலை போகும். எல்லோருக்கும் தெரிந்த ஒரே விதி அதுதான்.

கணினி ஒருநாள் திறக்க மறுத்தது. நீ ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாய். எனக்குப் பொறுமை கிடையாது. கோலாலம்பூரில் ஒரு வணிக வளாகத்தில் இருந்த ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் நம் ஆள், நன்றாகப் பேசினார்.

"வைரஸ்க்கா. எல்லாத்தையும் பேக்அப் எடுத்துட்டு புதுசா போட்டுத் தர்றேன். சாப்ட்வேர் எல்லாம் லேட்டஸ்ட்."

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல் யாருக்கா வாங்குறா? பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில விக்கிற சிடிதான். எல்லாரும் அதான் போடுறாங்க." பில்லில் என் முகவரியைப் பார்த்துவிட்டு, "மேருவா? அங்க ஒரு கிளவுஸ் பெக்டரி ஆபீஸ் கம்பியூட்டர்கூட நான்தான் பாக்குறேன்" என்றார்.

எனக்கு அது உறைக்கவில்லை. நம் ஆள் ஒருவர் முன்னேறிவிட்டார் என்று பெருமைதான் பட்டேன். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

மூன்று வாரம் கழித்து, பணியாளர் பிரிவு அதிகாரி உணவுக்கூடத்துக்கு வந்தார். கையில் கணினியில் அச்சடித்த, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாள். பெயர் பெயராக வாசித்தார். "இவங்கள்லாம் நாளைக்கு ஆபீஸ்ல என்னைப் பாக்கணும்." நடுவில் ஒரு பெயரில் நின்று சிரித்தார். "காளியம்மா, அனாக் லெலாகி. யாரு இது, ஆம்பளையா?" பயத்தில் உறைந்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். காளியம்மாள் அக்கா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இரண்டு பேருக்கு ஒப்பந்தம் முடிந்தது. மற்றவர்களைச் சூடு அதிகமான, அச்சுகளை ரப்பர் பாலில் முக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் யோசிக்கவே இல்லை. நோட்டு பார்வதி அக்காவிடம் இருந்தது, அவர் கொழுந்தன் மேற்பார்வையாளரிடம் லோரி ஓட்டினான், எனக்கு அது போதுமானதாக இருந்தது. தொழிற்சாலை பேருந்தில், ஐம்பது பேர் முன்னால், "எங்களை எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று கத்தினேன். பார்வதி அக்கா அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே போனார்.

இதையெல்லாம் நம் அறைக்கு வந்து உன்னிடம் கொட்டினேன். அந்த அதிகாரி எப்படிக் கேவலப்படுத்தினான் பார் என்று காளியம்மாள் கதையைச் சொன்னேன். நீ தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாய்.

"அனாக் லெலாகின்னு அவன் கிண்டலுக்குச் சொன்னானா, தாள்ல இருந்ததை வாசிச்சானா?"

"வாசிச்சான். அதுக்கென்ன இப்ப?"

நீ கணினியைத் திறந்தாய். பட்டியலைக் கீழே நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தாய். நம் நாட்டில் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் ஆணுக்கு ஏ/எல், அதாவது அனாக் லெலாகி, போடுவார்கள், பெண்ணுக்கு ஏ/பி. இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் என்பதற்கு மலாயில் சுருக்கம். நான் தட்டியிருந்தது: காளியம்மாள் ஏ/எல் முனியாண்டி.

"பார்வதி அக்கா நோட்டைக் கொண்டா" என்றாய். வேறொருத்தியை அனுப்பி அவர் வீட்டிலிருந்து வாங்கிவந்தேன். தமிழில் வெறும் பெயர்கள். ஏ/எல்லும் இல்லை, ஏ/பியும் இல்லை.

"இந்தத் தப்பு உலகத்திலேயே ஒரே இடத்துலதான் இருக்கு. நீ தட்டுன பைல்ல. அது இந்தப் பெட்டிக்கு வெளிய போனது ஒரே ஒரு தடவ, அந்தக் கடையில."

 அதற்கு நான் பேசியதுதான் தப்பு. "உனக்கென்னடி, உன் அப்பாவுக்கு பென்ஷன் வருது. ஈப்போவுல கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வந்து என்னைக் குத்தம் சொல்றியா?"

"ஓம், சொல்றேன்" என்றாய். "கத்தி முடிச்சிட்டியா? பூட்டு இல்லாத பெட்டியை உன்கிட்ட குடுத்துட்டுப் போனது நான். அதையும் சேர்த்துக் கத்து."

அந்தக் கடைக்காரர் பட்டியலை விற்றாரா, வேடிக்கையாகக் காட்டினாரா, தெரியாமல் அலுவலகக் கணினியில் விட்டாரா என்பது கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. மூடிய பெட்டிக்குள் என்ன நடந்தது என்று யார் சொல்வது? உனக்கு எரிச்சல் அதில்தான். அந்த சனிக்கிழமை ஒரு குறுந்தட்டோடு வந்தாய். உன் அலுவலகத்து மலாய்த் தோழி நகலெடுத்துக் கொடுத்த லினக்ஸ் இயங்குதளம். பழையதையெல்லாம் அழித்தாய். இரண்டு வார இறுதி பிடித்தது. அச்சுப்பொறி வேலை செய்ய மறுத்ததும் அதை நீ கெட்ட வார்த்தையில் திட்டியதும் கீழே முடிதிருத்துபவர் வந்து எட்டிப் பார்த்ததும் நன்றாக நினைவிருக்கிறது.

காளியம்மாள் அக்காவைக் கூட்டிவந்து காட்டினோம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது என்னா விலை?"

"விலை இல்லக்கா. சும்மா குடுக்குறாங்க."

"பெர்சுமாவா? பெர்சுமான்னா வீணாப் போனதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு, தெரியும்ல."

நீ சிரித்து, மலாயிலேயே வேறொரு சொல் சொன்னாய். "பெர்சுமா இல்லக்கா, பெபாஸ்."

"ஜெயில்லேருந்து வெளிய வர்றவனுக்குத்தான் பெபாஸ்னு சொல்லுவாங்க."

"அதேதான்கா. இது எப்படி வேலை செய்யுதுன்னு எழுதியிருக்கிறது எல்லாம் திறந்து கிடக்கு. படிக்கத் தெரிஞ்ச யாரும் பாக்கலாம், தப்பு இருந்தா திருத்தலாம். என்னை நம்பணும்னு இல்ல. இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க, சரியா செஞ்சிருக்கேனான்னு."

"உன்னை யாரு நம்புனா?" என்றார் அக்கா. ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பட்டியலைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் வழியை நீ கற்று வைத்திருந்தாய். சொல் என்ன வைப்பது? அக்கா உடனே நாலு நம்பர் சொன்னார், புருஷனுடைய மோட்டார் நம்பர். "அந்த நம்பரைத்தானே வாராவாரம் லாட்டரிக் கடையில எழுதுறீங்க, தாமான் வீடுகள்ல பாதிப் பேருக்குத் தெரியும்" என்றேன். அவருக்குக் கோபம். "அப்ப நீயே ஒன்னு வையி."

நீ மறுத்தாய். "அவளுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பேரு உங்களோடது. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். பாதி ஒருத்தர்கிட்ட, பாதி இன்னொருத்தர்கிட்ட." பிறகு என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாய்: "இன்னொருத்தர் யாருன்னு உனக்குத் தெரியும்."

பார்வதி அக்கா வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு கத்துனப்ப பஸ் நெறைய ஆளு இருந்துச்சு. மன்னிப்பு மட்டும் வீட்டு வாசல்லயா?"

திங்கட்கிழமை காலை ஆறு மணிப் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் நின்று சொன்னேன். தப்பு என்னுடையது, பட்டியல் நான் கடைக்கு எடுத்துப்போன கணினியிலிருந்துதான் போயிருக்கிறது, பார்வதி அக்கா யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.  யாரும் கைதட்டவில்லை. வேலையிழந்த இருவரில் ஒருத்தியின் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றும் அவள் என்னோடு பேசுவதில்லை, அவள் செய்வது சரி. பார்வதி அக்கா சன்னல் பக்கம் நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினார். உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு இரண்டு அக்காக்களும் அறைக்கு வந்தார்கள். நம் இருவரையும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். நீ சிரிப்பை அடக்கமுடியாமல் தோள் குலுங்க நின்றாய். நமக்குப் பின்னால் ஒற்றை விரலில் மெதுவாக ஒருவர் தட்டினார், பிறகு மற்றவர். காளியம்மாள் அக்கா கேட்டார்: "என் பேரையும் திரும்பப் போடணும்ல?"

"பயமா இல்லியாக்கா?" என்றேன்.

"பயந்தான். இந்தத் தடவ என்னைப் பொம்பளையாப் போடு."

நீ போன பத்தாம் நாள் நாங்கள் அந்த அறையில் கூடினோம். எனக்கு உள்ளூர ஒரு பயம். இது நீ அமைத்தது, நீ இல்லாமல் ஓடுமா என்று. கணினி திறந்தது. அக்காக்கள் அவரவர் பாதியைத் தட்டினார்கள். பட்டியல் வந்தது. அன்றைக்கு இரண்டு புதுப் பெயர் சேர்ந்தது. பிறகு வாராவாரம் சேர்கிறது. முக்கும் பிரிவுக்குத் தூக்கியடிக்கப்பட்டவர்களே அங்கே ஆள் சேர்க்கிறார்கள், நிர்வாகம் செய்துகொடுத்த உதவி. அச்சுப்பொறிக் கோளாறை, நீ சொன்னதுபோலவே, முன்பின் தெரியாத ஒருத்தி வந்து சரிசெய்தாள். உன் மலாய்த் தோழியின் தங்கை. நீ எழுதி வைத்த குறிப்பைப் படித்துவிட்டு, "கையெழுத்து மோசம்" என்று மலாயில் உன்னைத்தான் முதலில் திட்டினாள். இந்த ஆண்டு முடிந்து இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கணினியெல்லாம் தேதி குழம்பி நின்றுவிடும் என்று எல்லா இடத்திலும் பயமுறுத்துகிறார்கள். அவள் அதையும் பார்த்துவிட்டு, நம்முடையது நிற்காது என்கிறாள்.

போன வாரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி கொடுத்தார், குளிர்பானம் கொடுத்தார். புதிதாக யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் என்னை அலுவலக வேலைக்கு மாற்றுவதாகச் சொன்னார். பிறகு குரல் மாறியது. பட்டியலைக் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றார்.

"என்னால திறக்க முடியாது சார்" என்றேன்.

நம்பாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்று சொன்னது பொய் இல்லை. அந்தச் சொல்லில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது, மிரட்டினாலும் வராது, ஆசை காட்டினாலும் வராது.  குளிர்பானத்தை முழுக்கக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.