காலை ஆறிலிருந்து ஏழு வரை

ஜனவரி 6, திங்கள். மாதுங்கா.

இந்த நோட்டில் எழுத வேண்டியவை:
1. சுஷ்மாவின் தினசரி ஒரு மணி நேர விவரம். இன்றிலிருந்து அதை நிரப்புவது நான்.
2. இதுவரை தவறிய இரண்டு சோதனைகளும் அவளுடைய அலட்சியத்தால் தவறியவை.
3. மே இருபது வரை மூன்றாவது தவறக் கூடாது.

விவரமாக எழுதி வைத்தால்தான் எனக்கு மனதில் நிற்கும். என் மகள் தொழில்முறை சைக்கிள் பந்தய வீராங்கனை. பெல்ஜியத்தில் ஒரு குழுவுக்காக ஓட்டுகிறாள். குளிர்காலத்தில் இங்கே வந்து பயிற்சி. ஊக்கமருந்து சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று போனில் முன்கூட்டியே பதிய வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்தில் மூன்று என்றால், மருந்தே தொடாதவளுக்கும் தடை. வயது முப்பத்தொன்று. தடை வந்தால் அவ்வளவுதான்.

போன மே இருபதாம் தேதி விடியற்காலையில் நெருள் பக்கம் ஓட்டப் போனவள் நேரத்தை மாற்றிப் பதியவில்லை. நவம்பரில் விமானம் தாமதம், அதையும் பதியவில்லை.

"முப்பது வருஷம் ஆபீஸ்ல ஃபாரம் நிரப்பினவன். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"தாராளமா. ஒரு தலைவலி விட்டுது."

எல்லா நாளுக்கும் காலை ஆறிலிருந்து ஏழு என்று போட்டேன். அப்போது நான் கட்டாயம் விழித்திருப்பேன்.

ஜனவரி 19

ஆறு ஐந்துக்கு பெல். சோதனைக்கு வந்தது ஸ்மிதா என்றொரு பெண், துணைக்கு இன்னொருத்தி. சுஷ்மா சிறுநீர் கொடுக்கும்போது ஸ்மிதா கழிவறைக்குள்ளேயே நின்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏழு வருஷமா இப்படித்தாம்பா. முதல் தடவை அழுதேன். இப்போ அவாகிட்ட ரெசிபி கேக்கறேன்."

பிப்ரவரி 2

ஏழு மணிக்கு மேல் சுஷ்மா பயிற்சிக்குக் கிளம்பினால் சாலை முழுக்க லாரி. செம்பூரில் ஒரு டெம்போ உரசி, முழங்கையில் தோல் போயிருக்கிறது. நேரத்தை மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். மாத்தினாத்தான் மறக்கறது" என்றாள்.

மார்ச் 15, சனி

அப்பாவின் திதி. வாத்தியாருக்கு அப்புறம் கல்யாணில் ஒரு வீடு இருந்ததால் ஏழேகாலுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தரைக்கே குளித்து மடியாக உட்கார்ந்துவிட்டேன். ஆறு இருபதுக்கு பெல் அடித்தது. வீட்டு வேலைக்காரி என்று நினைத்தேன். வர வேண்டாம் என்று நேற்றே சொல்லியிருந்தேன். கதவைத் திறந்து அவள் மேலே பட்டுவிட்டால் மறுபடியும் தலைக்குக் குளிக்க வேண்டும்.

சமையலறையிலிருந்து என் மனைவி அம்மிணி, "ஏன்னா, யாரோ அடிக்கறாளே?" என்றாள்.

"போயிடுவா."

நாலு தடவை. ஏழுக்குச் சற்று முன்பு மறுபடியும்.

பிண்டம் உருட்டும்போதுதான் ஆறிலிருந்து ஏழு என்று பதிந்தது நினைவு வந்தது. கை நின்றுவிட்டது. "அண்ணா, எள்ளு, எள்ளு" என்றார் வாத்தியார்.

மார்ச் 16

சொல்லவில்லை.

மார்ச் 18

மூன்றாவது சோதனையும் தவறியதாக நோட்டீஸ் வந்துவிட்டது. கீழே ஸ்மிதாவின் கையெழுத்து.

"பொய்! சுத்தப் பொய்! பெல்லே அடிச்சிருக்காது. நான் ஆத்துலதானே இருந்தேன்! ரெஸ்ட் டே, நீ திறப்பேன்னு நம்பி காதுல இயர்பிளக் வெச்சுண்டு தூங்கினேன். அப்பா, நீ முழிச்சுண்டுதானே இருந்தே? அடிச்சுதா?"

"அம்மா சமைச்சிண்டிருந்தா... மிக்ஸி சத்தம்" என்றேன்.

அடித்தது என்று சொல்லவில்லை. அடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. இது பொய்யா, இல்லையா? அம்மிணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். திதியன்று இந்த வீட்டில் மிக்ஸி ஓடாது, எல்லாம் அம்மியில்தான்.

மார்ச் 21

இன்று சொல்வதாக இருந்தேன். அவள் சாப்பிடவில்லை. சாப்பிட்டதும் சொல்லலாம் என்று — எழுபத்திரண்டு வயது எனக்கு.

மார்ச் 24

பதில் எழுதி முடித்துவிட்டாள். ஸ்மிதா வீட்டுக்கு வரவே இல்லை, வந்ததாகப் பொய் எழுதியிருக்கிறாள் என்று மூன்று பத்தி. "நீதான் சாட்சி, கையெழுத்துப் போடு" என்று தாளை நீட்டினாள். பேனாவை வாங்கினேன். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும். இவளுக்கோ —

"சுஷ்மா, பெல் அடிச்சுது. நான்தான் திறக்கலை. மடியா இருந்தேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"மடி" என்றாள். தாளை நாலாகக் கிழித்தாள். "ஆறு நாளா அந்தப் பொண்ணை எல்லார்கிட்டயும் திட்டிண்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுண்டிருந்தே."

மே 9

வீடியோவில் விசாரணை. நடந்ததைச் சொன்னேன். இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார்கள்.

விசாரித்த மூவரில் ஒருவர் சுஷ்மாவிடம் கேட்டார்: கதவைத் திறக்கும் பொறுப்பை இன்னொருவரிடம் விட்டது உங்கள் கவனக்குறைவு இல்லையா?

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாம்" என்றாள்.

மே 30

பதினெட்டு மாதத் தடை. குழு ஒரே வரியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

ஜூன் 11

ஓய்வு பெறுவதாகக் கடிதம் அனுப்பிவிட்டாள். "திரும்பி வரணும்னா தடைக் காலத்துலயும் தினம் பதியணும். என்னால முடியாதும்மா" என்று அம்மிணியிடம் சொன்னாளாம். என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

ஜூன் 12, வியாழன்

காலை ஐந்தே முக்காலுக்குச் சுஷ்மா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சைக்கிளை எடுக்கவில்லை. எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. ஆறு அடித்தது, ஏழு அடித்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இனி இல்லை.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழு வருஷம், நாளுக்கு ஒரு பதிவு: இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல். விமானத்திலும் காய்ச்சலிலும் பந்தயத்துக்கு முந்தின நாளிலும் அவள் அதைக் காப்பாற்றியிருக்கிறாள். தவறவிட்டது இரண்டு. என் பொறுப்பில் இருந்தது அறுபத்தொன்பது நாள். அதற்குள் ஒன்று.

முதல் பக்கத்தில் இரண்டாவதாக எழுதியிருப்பது தவறு. அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.