பறை என்றதும் தட்டினாள்

அன்பு மகன் ஜோசுக்கு, ஆனைக்கரையிலிருந்து அம்மா சொல்ல, தங்கை டின்சி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் இரண்டு கோழிகளும் மாதா தயவில் சுகம் (என்னைச் சேர்க்கவில்லை, நான் மூன்றாவது கோழி போல). உன் சுகத்துக்கும் செபிக்கிறேன். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். மழை விடவில்லை, ஏலச் செடியில் அழுகல் விழுந்து பாதிப் பேருக்கு வேலை இல்லை, அப்பாவுக்கு இருமல், ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால் சும்மா கெட என்கிறார்.

நம் பக்கத்து லயத்திலிருந்து கொச்சிக்குக் கான்கிரீட் வேலைக்குப் போன பாண்டித்துரை ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். அவன் மகள் நர்மதா கம்பத்தில் சித்தி வீட்டில் வளர்ந்தவள், போன கிறிஸ்துமஸுக்கு உன்னோடு கேரம் விளையாடினாளே, அவளைத்தான் ஜூன் மாதம் நீ படிக்கிற கொச்சியிலேயே மலையாளப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தான். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பிள்ளைகளைச் சோதித்தீர்களாம். ஆனைப் படத்தைக் காட்டி இதெந்தா, பறயு என்று உங்களோடு வந்த மேடம் கேட்டாராம். மலையாளத்தில் பறை என்றால் சொல் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பறை என்றதும் மேசையில் தட்டினாளாம், திரும்பக் கேட்டதும் இன்னும் பலமாகத் தட்டினாளாம். எல்லாரும் சிரித்தார்கள், ஜோஸ் அண்ணனும் சிரிச்சாங்க என்று அப்பனிடம் சொல்லியிருக்கிறாள். புத்தி பத்தாது என்று முடிவு கட்டி அடுத்த வாரம் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளிக்கு மாற்றப் போகிறார்களாம். (பல்லைக் காட்டுவதும் ஒரு கலை என்றுதான் பல்கலைக்கழகம் என்று பேர் வைத்தார்களா அண்ணே? இதை அம்மா சொல்லவில்லை.)

நகரத்துப் பள்ளிகளுக்கு நீங்கள் உதவுகிறீர்கள் என்று நான் லயமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பெயிண்ட் அடித்தீர்கள், கம்ப்யூட்டர் கொடுத்தீர்கள், நல்லதுதான். பிள்ளையின் பேச்சு தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பிள்ளையைச் சோதிப்பது என்ன உதவி. அப்படி ஒருத்தர் அங்கே இருந்தார், அது நீ. தமிழன் என்று தெரிந்தால் பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிடுவார்கள் என்று பயந்தாயா. கூப்பிடட்டும், நாம் அதுதானே.

பாண்டித்துரை கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். அவன், ஒங்க மகன் படிச்சவன்க்கா, அவனே சிரிச்சான்னா பிள்ளைக்குக் கொறதான் போல என்றான். அவளைப் பள்ளியை நிறுத்தி, சித்தியின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கம்பத்துக்கே அனுப்பப் போகிறானாம். நான் எவ்வளவு சொல்லியும் அவன் நம்பவில்லை. நீ சொன்னால்தான் நம்புவான்.

இது கிடைத்ததும் அந்த மேடத்திடம் போ. தமிழில் திரும்பக் கேட்கச் சொல், நீயே கேள். பிறகு பாண்டித்துரை அங்கே தங்கியிருக்கிற வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளை முன்னால் அவனிடம் சொல். மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. மாதா உனக்கு வாய் திறக்கிற தைரியத்தைத் தரட்டும்.

இப்படிக்கு,

(அண்ணே, அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான். பேனாவைக் கொடுத்தேன். அவன் போய்ட்டு வந்தேன்னு சொல்லட்டும், அப்பறம் போடுறேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.)