ஹெல்மெட்டில் இருக்கிற நம்பர்

12.8.2014, செவ்வாய்

பிரியா இன்றும் கல்லூரிக்குப் போகவில்லை. அவளுடைய ஈமெயிலுக்குள் யாரோ புகுந்து, என் மகள் எழுதியதுபோலவே அசிங்கமாக எழுதி, வகுப்பில் எல்லோருக்கும் அனுப்பி ஐந்து நாள் ஆகிறது.

காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கடலூர் போய்ப் புகார் கொடுத்தேன். "பாஸ்வேர்டு என்னன்னு வெச்சிருந்தீங்க?" என்று போலீஸ்காரர் கேட்டார். பிரியா தலை குனிந்துகொண்டாள். நான்தான் சொன்னேன். என் எம்ப்ளாயி நம்பர். மறந்துபோகக் கூடாதென்று நானே வைத்துக் கொடுத்தது.

"அது யாருக்கெல்லாம் தெரியுங்க?"

என்னத்தைச் சொல்வது? ஹெல்மெட், சைக்கிள், டிபன் பாக்ஸ், எல்லாவற்றிலும் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன், முட்டாள். மைன்ஸில் என் ஷிப்டுக்கே தெரியும். குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கே தெரியும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிரியா ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, அப்ப இதச் செஞ்சது நம்ம வூட்ல வந்து காபி குடிச்சவங்களா கூட இருக்கலாம், இல்ல?" குள்ளஞ்சாவடி ஊர் தாண்டும்வரை, வீட்டுக்கு வந்து போனவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்வராஜ் வந்தார். பதினெட்டு வருஷப் பழக்கம். "பாப்பா எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டு அவரே கண் கலங்கினார். நானோ, இவராக இருக்குமோ, இவர் மகனாக இருக்குமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். காபி வேண்டாமென்று எழுந்து போய்விட்டார். புரிந்திருக்கும்.

சாப்பிட்ட பிறகு பிரியா பாஸ்வேர்டை மாற்ற உட்கார்ந்தாள். உதவலாமென்று பக்கத்தில் போனேன். கீபோர்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.