திறந்த மூலம்

அன்புள்ள பூரணிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நான் காவல் இருக்கும் கொழும்பு கம்ப்யூட்டர் வகுப்பில், ஞாயிறுதோறும் பையன்கள் கூடி லினக்ஸ் என்று ஏதோ பேசுவார்கள். போன ஞாயிறு முழுக்க "திறந்த மூலம், திறந்த மூலம்" என்றே வாதாடினார்கள். இந்த வயதிலேயே மூல வியாதியா என்று மனசு கேட்காமல், "துத்திக்கீரை சாப்பிடுங்க தம்பி" என்றேன்.

"ஐயா, அது வருத்தம், நோய் ஒண்டுமில்லை! கம்ப்யூட்டர் புரோகிராமை எப்பிடிச் செய்தது எண்டு எல்லாருக்கும் திறந்து காட்டுறது!" என்று யாழ்ப்பாணத்துக் கஜதீபன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் அவன்தான்.

எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. தோட்டத்தில் காலையில் பெயர் கொடுக்க நின்ற பெரட்டுக்களத்துப் பனியில், நம்மை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா என்று நினைத்து மாட்டைக் கும்பிட்டேனே, அன்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. நான் சொல்லாமல் கொழும்புக்கு வந்த கோபத்தில் நீ பதிலே போடுவதில்லை.

கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்பு. கஜதீபனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. இதைக் கேட்டுச் சிரித்தாயா என்று மட்டுமாவது, லயத்து வீடுகளில் யாரையாவது எழுதச் சொல்.

அழகுமுத்து